வெந்தயமும் இசப்கோலும் ரத்தத்தில் ஏறிய ஈயத்தை இறக்குமா?

திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து 29 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். திருமணமாகி நான்கு ஆண்டுகள். இரண்டாம் ஆண்டில் கரு தங்கி, ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. அதன் பிறகு கருத்தரிக்கவில்லை. கணவருக்கு 33 வயது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலையில், பர்னஸ் பக்கம், ஆறு ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. குழந்தையின்மை சிகிச்சைக்குப் போன இடத்தில் எடுத்த பரிசோதனையில் விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 1.1 கோடி, அசையும் அணுக்கள் 30 சதவீதம். மருத்துவர் வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டு ரத்தத்தில் ஈயமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அது டெசிலிட்டருக்கு 46 மைக்ரோகிராம்.

'நார்ச்சத்து கன உலோகங்களை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும்' என்ற காணொளியைப் பார்த்துவிட்டு, இரண்டு மாதமாகக் கணவருக்குத் தினமும் வெறும் வயிற்றில் மூன்று ஸ்பூன் வெந்தயப் பொடி, இரண்டு ஸ்பூன் இசப்கோல், ஒரு டம்ளர் வாழைத்தண்டுச் சாறு கொடுத்து வருகிறார். வயிறு உப்பிக்கொள்வதால் கணவர் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார். வாசகியும் அதே இசப்கோலைத் தன் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கிறார். ஆலையில் தினமும் வெல்லமும் வாழைப்பழமும் தருகிறார்களாம். உறவினர் ஒருவர் ஆண்மைக்கு ஒரு பற்பம் (உலோகத்தையோ தாதுவையோ புடம் போட்டுச் செய்யும் மருந்துப் பொடி) வாங்கித் தந்திருக்கிறார். நார்ச்சத்தை எவ்வளவு கூட்டினால் ஈயம் இறங்கும், இப்போதே குழந்தைக்கு முயலலாமா, கரு கலைந்ததற்கு ஈயம்தான் காரணமா, ஈயச் சொம்பில் ரசம் வைக்கலாமா, வேலை போகாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

காணொளியில் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் உங்கள் கணவரின் நிலைமைக்கு அது சிறு பகுதிதான் பொருந்தும். நீங்கள் அதைக் கொடுக்கும் முறையோ, கிடைக்கக்கூடிய பலனையும் கெடுத்துவிடுகிறது. முதலில் அதைச் சரிசெய்துகொள்வோம்.

நார்ச்சத்து எங்கே வேலை செய்யும்

கொய்யா, நார்த்தங்காய், ஆப்பிள் போன்றவற்றில் உள்ள பெக்டின் என்ற கரையும் நாரில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் அமிலப் பிடிகள் உண்டு. தவிட்டிலும் பருப்புத் தோலிலும் உள்ள பைட்டேட் என்ற பொருளும் அப்படியே. குடலுக்குள் இருக்கும் ஈயம் இவற்றோடு ஒட்டிக்கொண்டால் ரத்தத்துக்குப் போகாமல் மலத்தோடு வெளியேறும். ஏற்கெனவே உடலில் உள்ள ஈயத்திலும் ஒரு சிறு பங்கு பித்தநீர் வழியாகக் குடலுக்கு வந்து மறுபடி உறிஞ்சப்படுகிறது. அதையும் நார் ஓரளவு மறிக்கும். குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகள் நாரைத் தின்று உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள் குடற்சுவரை உறுதியாக வைத்திருக்கின்றன என்பது மூன்றாவது பயன்.

இதனால்தான் ஆய்வுக்கூட எலிகளுக்கு உலோகத்தையும் தாவர நாரையும் சேர்த்துக் கொடுக்கும்போது, உலோகம் மலத்தில் கூடுதலாகப் போய், உறுப்புகளில் தங்குவதும் விதைப்பைச் சேதமும் குறைகின்றன. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த எலிகளுக்கு ஈயம் வாய்வழியாகத்தான் போகிறது. உங்கள் கணவருக்குப் பெரும்பகுதி மூச்சு வழியாகப் போகிறது. நுரையீரலின் ஆழத்தில் படிந்த ஈயம் நேராக ரத்தத்தில் சேர்ந்துவிடும். அது குடல் பக்கமே வராதபோது வெந்தயம் எதைப் பிடிக்கும்?

மனிதர்களிடம் உள்ள சான்று மெலிந்தது. பழைய சோவியத் நாட்டில் ஈயத் தொழிலாளர்களுக்குப் பெக்டினோ சதைப்பற்றுள்ள பழச்சாறோ தினமும் கொடுக்கும் விதி இருந்தது. சீனாவில் ரத்தத்தில் ஈயம் கூடிய குழந்தைகளுக்கு மாற்றியமைத்த பெக்டின் கொடுத்தபோது அளவு இறங்கியது என்று 2008-ல் ஓர் அறிக்கை வந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் ஏழே குழந்தைகள், ஒப்பிட இன்னொரு குழுவும் இல்லை. உணவில் நாரைக் கூட்டுங்கள் என்று நான் சொல்வதற்கு இவ்வளவு போதும், மருந்துக்குப் பதில் என்று சொல்வதற்குப் போதாது.

காலைப் பழக்கத்தை நாளைக்கே மாற்றுங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது கணவர் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போவதுதான். வெறும் வயிற்றில் விழுங்கப்படும் ஈயத்தில் பாதிக்கு மேல் ரத்தத்தில் ஏறக்கூடும். சாப்பாட்டோடு சேர்ந்து போனால் பெரியவர்களுக்கு அது பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கையிலும் மீசையிலும் உதட்டிலும் ஒட்டிய தூசி நாள் முழுக்க வாய்க்குள் போய்க்கொண்டிருக்கும் வேலையில், ஆறு மணிக்குக் குடித்த வெந்தயத்தைவிட ஏழு மணிக்குச் சாப்பிட்ட இரண்டு கேழ்வரகு அடையும் ஒரு கிண்ணம் தயிரும் அதிகப் பாதுகாப்பு தரும். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் நாரும் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியமும் இருக்கிறது. குடலில் ஈயம் நுழையும் அதே வழியில்தான் கால்சியமும் இரும்பும் நுழைகின்றன. இவை குறைந்த உடலில் ஈயம் கூடுதலாக ஏறும்.

மொத்த நாருக்கு இலக்கு, 2000 கலோரி உணவுக்கு 30 கிராம். காலையில் 60 கிராம் கேழ்வரகு அல்லது கம்பு மாவில் 7 கிராம் வரும். மாலையில் 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் இன்னொரு 7. நடுத்தரக் கொய்யா ஒன்றில் 8. மதியமும் இரவும் அவரை, கத்தரி, வெண்டை என்று 200 கிராம் காய், கூடவே பருப்பு, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை என்று சேர்த்தால் இலக்கைத் தாண்டிவிடும். பொடியே வேண்டாம். சாத்துக்குடியைச் சாறாகப் பிழியாமல் சுளையாகச் சாப்பிடச் சொல்லுங்கள். பெக்டின் அந்த வெள்ளைத் தோலில்தான் இருக்கிறது. வாழைத்தண்டும் அப்படியே. சாறெடுத்து வடிகட்டினால் நாரில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும், பொரியலாகச் செய்யுங்கள்.

இரண்டு மாதமாக வயிறு உப்புவது, ஒரேயடியாக அளவைக் கூட்டியதால். வாரத்துக்கு 5 கிராம் என்று ஏற்றினால் குடல் பழகிக்கொள்ளும். இசப்கோல் விடாமல் வேண்டுமென்றால் ஒரு ஸ்பூன், காலை உணவோடு, முழு டம்ளர் தண்ணீரில், கலக்கிய உடனே குடித்துவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். பர்னஸ் முன்னால் நின்று வியர்ப்பவருக்கு இந்த ஆபத்து கூடுதல். இசப்கோல் மண்ணில் விளைவது என்பதால் சில பொடிகளில் சிறிதளவு ஈயமே இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்காகப் பொட்டலத்தில் எச்சரிக்கை போட வேண்டிவந்திருக்கிறது. அளவை மீறிக் குடிக்க இது மருந்தில்லை.

வெந்தயம் ஒரு ஸ்பூன், ஊறவைத்து, சமையலோடு போதும். தீனியில் 30 சதவீதம் வெந்தயம் கலந்து கொடுத்த ஆண் முயல்களுக்கு விதைப்பை எடையும் விந்தணுவும் குறைந்ததாக ஓர் ஆய்வு உண்டு. உங்கள் மூன்று ஸ்பூனை அதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் விந்தணுவுக்காகத் தொடங்கிய ஒன்றை அந்த அளவுக்கு நீட்டிக்கொண்டு போக எனக்கு மனமில்லை.

உங்களுக்கும் ஒரு திருத்தம். நார் ஈயத்தை மட்டும் பிடிப்பதில்லை. உங்கள் இரும்பு மாத்திரையையும் பிடித்துக்கொள்ளும். மாத்திரைக்கும் இசப்கோலுக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொள்ளலாம், டீயோடு வேண்டாம்.

ஆலையில் தரும் வாழைப்பழம்

வெல்லமும் பழமும் உணவு என்ற அளவில் நல்லவை. ஈயத்தை முறிப்பவை அல்ல. பர்னஸ் அருகில் நின்றபடி, கசடு அள்ளிய கையோடு தோலை உரித்து, அதே விரலால் பிடித்துக் கடித்தால் அந்த வாழைப்பழமே ஈயத்தை வாய்க்குள் கொண்டுபோகும். முகமும் கையும் நகக்கண் வரை பிரஷ் போட்டுச் சோப்பால் கழுவி, வேலைச் சட்டையைக் கழற்றிவிட்டு, கூடத்துக்கு வெளியே வந்து சாப்பிட வேண்டும். பீடி, சிகரெட், வாயில் அதக்கும் புகையிலை எதுவும் வேலை நேரத்தில் கூடவே கூடாது. பலருக்கு ஈயம் இறங்காமல் நிற்பதற்கு இந்த ஒரு பழக்கம்தான் காரணமாக இருக்கிறது.

முகத்தில் கட்டும் துண்டு ஈயப் புகையைத் தடுக்காது, அறுவை அறை மாஸ்க்கும் தடுக்காது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் மாஸ்க், அதில் பி100 வகை வடிகட்டி, மழித்த தாடை. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும்.

46 என்ற எண்ணுக்கு என்ன பொருள்

பிரிட்டன், இத்தாலி, பெல்ஜியம் நாடுகளில் 503 தொழிலாளர்களைப் பார்த்து 2002-ல் வெளியான ஆய்வில், ரத்த ஈயம் சுமார் 44-ஐத் தாண்டும்போது விந்தணு எண்ணிக்கை குறையத் தொடங்குவது தெரிந்தது. 50-க்கு மேல் உள்ளவர்களிடம் அது ஏறத்தாழப் பாதியாக இருந்தது. உங்கள் கணவர் அந்த விளிம்பில் நிற்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த அளவுகோலின்படி விந்தணு எண்ணிக்கையின் கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, அசைவுக்கு 42 சதவீதம். எனவே குறைவுதான், ஆனால் நம்பிக்கை இழக்கும் குறைவு இல்லை. ஒரே பரிசோதனையை வைத்து முடிவும் கட்டக்கூடாது. பர்னஸ் சூடும் எண்ணிக்கையைக் குறைக்கும், விதைப்பை நாளப் புடைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஈயத்தின் தலையில் கட்டிவிட்டால் இவை விட்டுப்போகும்.

ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் தள்ளும் மருந்துகள் உண்டு. அறிகுறி இல்லாத ஆணுக்கு 46 அளவில் பொதுவாக அவை தேவைப்படாது. வேலையில் ஈயம் ஏறிக்கொண்டே இருக்கும்போது, அளவைக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்று அந்த மருந்தைத் தருவது தவறு. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் அதைத் தடையே செய்திருக்கின்றன. தாங்க முடியாத வயிற்று வலி, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்குவது, குழப்பம், வலிப்பு ஆகியவற்றில் ஏதாவது வந்தால் மட்டும் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

ரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகச் சுமார் ஒரு மாதம் ஆகும். ஆறு ஆண்டு வேலை செய்தவருக்கு எலும்பில் சேர்ந்த ஈயம் ரத்தத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கும் என்பதால், முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக இறங்கி, பிறகு மெதுவாகும். அப்போது மனம் தளர்ந்து 'பலனில்லை' என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த பரிசோதனையும் நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில்தான் இருக்க வேண்டும், ஊசி போடும் இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு. முடியில் ஈயம் பார்ப்பது, மருந்து கொடுத்துவிட்டுச் சிறுநீரில் பார்ப்பது ஆகியவற்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

அந்தப் பற்பத்தைத் தொடவே வேண்டாம். உலோகம் சேர்த்துச் செய்யும் மருந்துகளில் ஈயமோ பாதரசமோ இருக்கக்கூடும். 2011-12-ல் நியூயார்க் நகரில் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளைச் சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈய நஞ்சு கண்டறியப்பட்டது. குழந்தைப்பேறுக்காக அவற்றை எடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் (டின்) ஆனதென்றால் தவறில்லை. ஆனால் அதில் காரீயம், அதாவது நாம் இங்கே பேசும் நச்சு ஈயம், கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, புளிப்பு ரசம் அதைக் கரைக்கும். இப்போதைக்குப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

உங்களுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை

கணவரின் விந்து வழியாக ஈயம் வந்து கரு கலைந்தது என்று நினைக்கிறீர்கள். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. ஒரு முறை கலைந்ததை வைத்து யார் மேலும் பழி போட வேண்டாம். ஈயம் உங்களை எட்டுவதற்குப் பெரிய வழி வேறு. அவருடைய சட்டை, செருப்பு, பைக் சீட், ஹெல்மெட்டின் உள்பஞ்சு, கைபேசி. அந்தத் துணியை உதறித் துவைப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே உங்களுக்கும் ரத்த ஈயம், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) மூன்றும் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டியில் 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறார்கள். உங்களுக்கு இந்த எல்லை முக்கியம். நஞ்சுக்கொடி ஈயத்தைத் தடுப்பதில்லை, கருவின் ரத்தத்திலும் கிட்டத்தட்டத் தாயின் அளவே இருக்கும். கர்ப்ப காலத்தில் கால்சியத்துக்காக எலும்பு கரையும்போது அதில் கிடந்த பழைய ஈயமும் வெளியே வரும். இங்கே நாரைவிடக் கால்சியத்துக்கே சான்று வலுவாக இருக்கிறது. மெக்சிகோவில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1200 மில்லிகிராம் கொடுத்தபோது ரத்த ஈயம் சுமார் 11 சதவீதம் குறைந்தது. மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவர் சொல்லட்டும். அதையும் இரும்பு மாத்திரையோடு ஒரே வேளையில் போடாதீர்கள். ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்கிவிடலாம்.

வேலை உடையையும் செருப்பையும் ஆலையிலேயே விட்டுவிட்டு, அங்கேயே குளித்து, வேறு உடையில் வருவதுதான் சரி. முடியாவிட்டால் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்து, உதறாமல், அவரே தனியாகத் துவைக்கட்டும். வாசலையும் அறையையும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் தூசி எழும்பும்.

வேலையும் ஈ.எஸ்.ஐ.யும்

ஈய நஞ்சு 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் அது இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இது தொழில்சார் நோய், அதாவது வேலையில் பட்ட காயத்துக்குச் சமம். அப்படி ஏற்கப்பட்டு வேலை செய்ய முடியாமல் போகும் நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் வரை கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் உரிமை போய்விடாது. ஒப்பந்ததாரர் கட்டத் தவறினால் ஈ.எஸ்.ஐ. பங்களிப்பு முதன்மை நிறுவனத்தின் பொறுப்பு. அவருடைய காப்பீட்டு எண்ணில் மாதாமாதம் பணம் கட்டப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். சென்னை கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில்சார் நோய்களுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. மருந்தகத்தில் பரிந்துரை வாங்கிக்கொண்டு அங்கே போகலாம்.

எடுத்த எடுப்பில் புகார் எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ரத்தப் பரிசோதனை நகலை இணைத்து, பர்னஸிலிருந்து ஈயத்தூசி இல்லாத பிரிவுக்கு நான்கைந்து மாதம் மாற்றித் தரும்படி ஒரு கடிதம், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோடு. ஸ்டோர், வாயில் காவல், வண்டி ஏற்றும் இடம் என்று இடம் இருக்கும். உடன் வேலை செய்பவர்களுக்கும் அளவு கூடியிருக்க வாய்ப்பு அதிகம், நாலு பேராகச் சேர்ந்து கேட்டால் பலம். அதற்கும் பதில் இல்லையென்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. சம்பளம் குறையும் என்ற உங்கள் பயம் நியாயமானது. ஓவர்டைம் போய்விடும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பர்னஸிலேயே இருந்துகொண்டு உணவால் மட்டும் 46-ஐ இறக்க முடியும் என்று என்னால் சொல்ல முடியாது.

குழந்தைக்கு எப்போது முயலலாம்

இப்போது வேண்டாம், சில மாதம் தள்ளிப்போடுங்கள். விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். பிரிவு மாறிய நாளிலிருந்து எண்ணி, மாதமோ இரண்டு மாதமோ ஒருமுறை ரத்த ஈயம், நான்காவது மாதம் விந்தணுப் பரிசோதனை. அளவு 20-க்குக் கீழே வந்து, விந்தணுவும் கூடி, உங்கள் ரத்தத்தில் 5-க்குக் கீழே இருந்தால் முயலலாம். அதுவரை ஆணுறை பயன்படுத்துங்கள். உங்கள் அளவு கூடுதலாக இருந்தால், அது இறங்கும் வரை நீங்கள் காத்திருப்பதுதான் முக்கியம்.

உங்களுக்கு 29 வயதுதான், இந்த ஐந்தாறு மாதத்தால் எதுவும் கைநழுவிப் போகாது. யாராவது இதற்குள் செயற்கைக் கருத்தரிப்புக்குப் பணம் கட்டச் சொன்னால், ரத்த ஈய முடிவை அவர்கள் முன் வைத்து, இது இறங்கிய பிறகு எடுக்கும் விந்தணுப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா என்று கேளுங்கள்.